படத்துக்குப் பின்னால் எழுதினது

அத்தியாயம் பதினொன்று

சாப்பாட்டு மேஜையில் சின்னவன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான், மூத்த மருமகளுக்கு மட்டும் கவளம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. போன வாரம் அங்கேதான் விட்டோம். மறந்தவர்களுக்காக நாலு வரி. ஞாபகம் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டில் கீழே கடை, மேலே குடித்தனம். கடை என்றால் ஷட்டரைத் தூக்கிவிட்டு வழியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற கடை இல்லை. போர்வை, திரைச்சீலை, துண்டு, தலையணை உறை என்று இணையத்தில் விற்கிற கடை. மூத்தவன் சரக்கு வாங்குகிறான். சின்னவன் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறான். அவர்களைப் பெற்ற அம்மா மடித்து, உறையில் போட்டு, விலாசம் ஒட்டி அனுப்புகிறார். மூத்த மருமகள் மற்றதெல்லாம் செய்கிறாள். 'மற்றதெல்லாம்' எவ்வளவு பெரிய வேலை என்று அதைச் செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

பார்வையில்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி ஒன்று மொத்தமாகப் போர்வையும் திரைச்சீலையும் வாங்கப்போகிறது. வாங்குகிற பொறுப்பு ஒரு டீச்சரிடம். அவருக்கும் பார்வை கிடையாது. ரொம்ப நாளாக இந்தக் கடையில் தனக்கு வேண்டியதை வாங்குகிறவர்தான். அவர் போட்டது ஒரே நிபந்தனை. யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் தாங்களே பார்த்து, தாங்களே ஆர்டர் போட முடிய வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க நாளைக்கு நேரிலேயே வருகிறார் என்றான் சின்னவன். படத்தின் மேல் விரலை வைத்தால், அந்தப் படத்துக்குப் பின்னால் எழுதியிருக்கிற விவரத்தை அவருடைய போன் சத்தமாக வாசிக்குமாம்.

படத்துக்குப் பின்னால் எழுதினது மூத்த மருமகள்.

என்ன எழுதினாள் என்று தெரிந்தால் உங்களுக்கும் கவளம் இறங்காது. கடை இணையத்துக்குப் போன புதிதில் படங்களை ஏற்றுகிற வேலை அவள் தலையில் விழுந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு காலிப் பெட்டி வரும். 'இந்தப் படத்தை விவரிக்கவும்' என்று கேட்கும். முதல் படத்துக்கு ஒழுங்காகத்தான் எழுதினாள். சேமித்துவிட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் எழுதினது எங்கேயும் காணோம். மறுபடி எழுதினாள், மறுபடியும் காணோம். சரி, இது வெளியில் தெரியாத பெட்டி, வீட்டு ஆட்கள் குறித்து வைத்துக்கொள்வதற்காக விட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மூத்தவன் நீலப் போர்வை ஒரு கட்டு கொண்டுவந்து இறக்கினான். ஒன்றை எடுத்து அவள் துவைத்துப் பார்த்தாள். வாளித் தண்ணீர் மை மாதிரி ஆகிவிட்டது. புருஷனிடம் போய்ச் சொன்னாள். "துணி வியாபாரம் எனக்குத் தெரியும், நீ உன் வேலையைப் பாரு" என்றான். அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள். அன்றைக்கு அவள் வேலை அந்தப் போர்வையின் படத்தை ஏற்றுவது. பெட்டி வந்தது. வாயில் நின்றதையெல்லாம் அதில் கொட்டிவிட்டாள். கொட்டினதும் நெஞ்சு லேசாகிப் போனது.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அதற்கப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் எழுதினாள். எது சுருங்கும், எது நூல் பிரியும், எது யாருடைய பிடிவாதத்தால் வாங்கினது, எதற்காக மாடியில் சண்டை நடந்தது, எல்லாம். மாமியார் சொந்தக்காரர்களிடம் "எங்க மூத்த மருமக வாயில்லாப்பூச்சி" என்று மெச்சிக்கொள்வார். கேட்டுக்கொண்டே இவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போவாள்.

அத்தனையும்கூடப் போகட்டும். ஒன்றே ஒன்றுதான் அவளைத் தூங்கவிடவில்லை. அது வெள்ளைத் துண்டு. வெள்ளைத் துண்டுகளில் சிலதில் தறி எண்ணெய்க் கறை இருக்கும். அவற்றைத் தள்ளுபடிக்கு ஒதுக்க வேண்டும் என்பது கடையின் வழக்கம். மாமியார் ஒதுக்கவில்லை. கறையை உள்பக்கம் வைத்து மடித்து, நல்லதோடு சேர்த்து அனுப்பியதை மருமகள் தன் கண்ணால் பார்த்தாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. சில நாள் அவசரத்தில் கறை வெளியே தெரிகிற மாதிரியும் மடித்துவிடுவார், அப்போது இவள்தான் சத்தமில்லாமல் எடுத்து மாற்றுவாள். துண்டுக்குப் பின்னால் அதை அப்படியே எழுதினாள். 'அத்தைக்கு வாயில் நியாயம், கையில் அநியாயம்' என்று ஒரு வரியும் சேர்த்தாள்.

அந்த வரியை மாமியார் காதால் கேட்டுவிட்டால், அதற்கப்புறம் இந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவது?

---

விடிந்தும் விடியாததுமாக இறங்கி வந்து கணினியைத் திறந்தாள். அழித்துவிட்டால் தீர்ந்தது. கடவுச்சொல்லைப் போட்டாள். தவறு என்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் தவறு.

"என்ன அண்ணி, இவ்வளவு சீக்கிரம்?"

சின்னவன் பல் துலக்கிக்கொண்டே மாடிப்படியில் நின்றான்.

"ஒண்ணுமில்ல தம்பி. படத்துக்கு எழுதினதுல ரெண்டு மூணு பிழை இருக்கு. திருத்திடலாம்னு பார்த்தேன்."

"அதை மட்டும் தொடாதீங்க. படத்துக்குப் பின்னால இருக்கிறதுல ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாதுன்னு டீச்சர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. யாராவது கை வெச்சுடுவாங்களோன்னு கடவுச்சொல்லையே மாத்திட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"அவ்வளவு பிடிச்சிருக்காம். இந்த மாதிரி எழுதற கடை வேற எங்கயுமே இல்லையாம். எல்லாம் உங்க புண்ணியம் அண்ணி."

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். உற்சாகம் தாங்கவில்லை அவனுக்கு. கடை பார்வையில்லாதவர்களுக்குச் சரிப்பட்டு வருமா என்று சோதிக்கிற ஒரு மென்பொருளை ஓட்டிக் காட்டினான். வரிசையாகப் பச்சை.

"பாருங்க, எல்லாப் படத்துக்கும் விவரம் இருக்கு. பெரிய பெரிய கடையெல்லாம் இதுல சிவப்பு. நாம பச்சை."

"நீ அதையெல்லாம் படிச்சுப் பாத்தியா தம்பி?"

"எதுக்கு? பெட்டி காலியா இருக்கான்னு இதுவே பாத்துடுது. ஒண்ணுகூடக் காலி இல்ல."

பெட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிற இயந்திரம், எதனால் நிறைந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. கொழுந்தனுக்கும் அந்த இயந்திரத்துக்கும் அந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை.

ஆனால் பையன் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். டீச்சர் சொன்ன குறைகளையெல்லாம் பத்து நாளாக உட்கார்ந்து சரி செய்திருந்தான். நிறத்தைத் தேர்ந்தெடுக்க வெறும் வண்ண வட்டங்கள்தான் இருந்தன. டீச்சரின் போன் அவற்றை 'வட்டம், வட்டம், வட்டம்' என்றுதான் சொல்லுமாம். இப்போது ஒவ்வொரு வட்டத்துக்கும் நிறத்தின் பெயர் உண்டு. பணம் கட்டுகிற பக்கத்தில் 'பட்டன், பட்டன்' என்று மட்டும் கேட்குமாம், எது கட்டுகிற பட்டன், எது ரத்து செய்கிற பட்டன் என்று தெரியாதாம். ஒவ்வொரு தடவையும் விடுதிக் காவலாளியைக் கூப்பிட்டு, அவர் கையில் போனைக் கொடுத்துத்தான் டீச்சர் வாங்கியிருக்கிறார்.

"யோசிச்சுப் பாருங்க அண்ணி. ஒரு தலையணை உறை வாங்கறதுக்குக் காவலாளிகிட்ட வங்கிக் கணக்கைக் காட்டணும். எனக்கே வெக்கமாப் போச்சு."

சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இவன் நல்லவன், திட்டினாலும் காப்பாற்றுவான். "தம்பி, அந்தப் பெட்டியில நான் எழுதினது..." என்று ஆரம்பித்தாள்.

"அண்ணி, அடக்கமெல்லாம் வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டான்.

---

அடுத்தபடி புருஷன். கிடங்கில் புதுக் கட்டு ஒன்றின் சணல் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, ஒரு நிமிஷம். அந்த நீலப் போர்வை விஷயமா..."

"ஆரம்பிச்சுட்டியா? இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சுதா உனக்கு?"

"இல்லங்க, சாயத்தைப் பத்தி இல்ல. நான் அதைப் பத்தி ஒரு இடத்துல..."

"இந்த விடுதி ஆர்டர் வந்தா அந்த நீலக் கட்டு மொத்தமும் இடத்தைக் காலி பண்ணும். அவங்களுக்கு நிறம் போனா என்ன, இருந்தா என்ன?"

சொல்லிவிட்டு அவனே ஒரு கணம் கயிற்றைப் பார்த்தபடி நின்றான். சொன்னது சரியில்லை என்று அவனுக்கும் பட்டிருக்க வேண்டும். ஆனால் திருத்திக்கொள்ளவில்லை. அவளுக்கு அப்போது எழுந்தது பயம் இல்லை, கோபம். அந்தக் கோபத்தையும் வழக்கம்போல மென்று விழுங்கிவிட்டு வெளியே வந்தாள்.

---

டீச்சர் வாடகை வண்டியில் வந்து இறங்கினார். நடுத்தர வயது, பருத்திச் சேலை, தோளில் பை, கையில் வெள்ளைக் கோல். சின்னவன் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கப் போனான். "நீங்க முன்னால நடங்க, உங்க முழங்கையை நான் பிடிச்சுக்கறேன், அதான் வசதி" என்றார். மாமியார் மடிக்கிற மேஜையில் துண்டுகளை ஒதுக்கிவிட்டு நாற்காலி போடச் சொன்னார். காபி வந்தது.

"எங்களுக்கு எதுக்குத் திரைச்சீலைன்னு யாரும் கேக்கலையே, நல்லவேளை" என்றார் டீச்சர். "போன கடையில கேட்டாங்க. வெயில் எங்களையும்தாங்க சுடுதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மூத்தவன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

டீச்சர் போனை எடுத்தார். நிறம் தேர்ந்தெடுத்தார், கூடையில் போட்டார், பணம் கட்டுகிற பக்கம் வரை போய்ப் பார்த்தார். எங்கேயும் தடங்கல் இல்லை. "முதல் தடவையா நானே கடைசி வரைக்கும் வந்திருக்கேன்" என்றார். சின்னவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வருவோம்" என்று படத்தின் மேல் விரலை வைத்தார்.

போன் வாசித்தது. வாசித்தது என்றா சொன்னேன்? தகர டப்பாவில் கடலையைக் கொட்டினது போல ஒரு சத்தம். டீச்சர் உதட்டைக் கடித்துச் சிரித்துக்கொண்டார். மற்ற யாருக்கும் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"என்ன டீச்சர் சொல்லுது? ஒண்ணும் புரியலையே" என்றார் மாமியார்.

"நாங்க வேகமா வெச்சுக் கேட்டே பழகிட்டோம்மா. மெதுவா வைக்கட்டுமா?"

"வேகமாவே இருக்கட்டும் டீச்சர்." சொன்னது மூத்த மருமகள். விருந்தாளி முன்னால் அவள் குரலைக் கேட்டு அவள் புருஷனே திரும்பிப் பார்த்தான்.

"இல்ல இல்ல, மெதுவா வைங்க, நானும் கேக்கணும்" என்று மாமியார் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். "இது எல்லா போன்லயும் இருக்குமா டீச்சர்? என்னோடதுலகூடவா?"

"எல்லாத்துலயும் உள்ளேயே இருக்கும்மா. தொறந்து விட்டா போதும்."

டீச்சர் வேகத்தைக் குறைத்தார். விரலை வைத்தார். இப்போது போன் நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னது.

'நீலப் போர்வை. முதல் துவைப்பிலேயே சாயம் விடும். வெள்ளைத் துணியோடு போடவே கூடாது. அவரிடம் சொன்னேன். உன் வேலையைப் பார் என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.'

மூத்தவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

டீச்சர் அடுத்த படத்துக்குப் போனார். 'மரநிறத் திரைச்சீலை. படத்தில் அழகாக இருக்கும். கொழுந்தன் விளக்கைக் கூட்டி வைத்து எடுத்த படம். நேரில் சேற்று நிறம்.'

சின்னவன் முகம் அந்தத் திரைச்சீலை நிறத்துக்கே போய்விட்டது.

"இதுக்காகத்தாம்மா உங்க கடையை விட்டு நாங்க எங்கயும் போறதில்ல" என்றார் டீச்சர். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். "மத்த கடையில படத்தைத் தொட்டா 'படம்'னு சொல்லும். இல்லாட்டி ஏதோ எண்ணைச் சொல்லும். ரொம்ப மெனக்கெட்டா அழகான போர்வைன்னு சொல்லும். அழகை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்? துவைச்சா என்ன ஆகும், அதைச் சொல்லுங்க. நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க. புதுப் படம் ஏத்தினீங்கன்னா எங்க ஆசிரியர் அறையில எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்துடுவோம். இந்த வாரம் அந்த வீட்டு மூத்த மருமக என்ன எழுதியிருக்காங்கன்னு."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டார். பார்வையில்லாதவருக்கு மௌனம் நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துவிடும் போலிருக்கிறது.

"ஏன் யாரும் பேசல?"

"டீச்சர், அது வந்து..." சின்னவன் திணறினான். "அது பக்கத்துல தெரியாது. பாக்கறவங்களுக்கு அது வராது."

"வராதுன்னா? அவங்களுக்கு வேற என்ன எழுதியிருக்கு? நீலப் போர்வைக்கு என்னன்னு வாசிங்க."

அவன் வாசித்தான். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போனது. "கண்ணைக் கவரும் ஆழ்ந்த நீலம். ஆண்டுக்கணக்கில் மங்காத நிறம்."

டீச்சர் போனை மடியில் வைத்துவிட்டார்.

"என் தங்கச்சிக்குக் கண்ணு நல்லாத் தெரியும். நான் சொல்லித்தான் உங்ககிட்ட நீலப் போர்வை வாங்கினா. அவ பொண்ணோட வெள்ளைச் சீருடை அத்தனையும் நீலமாயிடுச்சு. என்கிட்ட வந்து அழுதா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவ்வளவு தெளிவா எழுதியிருக்கே, கண்ணு இருந்தும் படிக்கலையாடி நீன்னு கேட்டேன். எழுதலக்கா, எழுதவே இல்லன்னு சத்தியம் பண்ணினா. நான் நம்பல. தன் தப்பை மறைக்கப் பொய் சொல்றான்னு நெனச்சேன். அன்னிக்குப் போனவ, இன்னும் என்கிட்ட பேசல."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுதினவங்க இங்க இருக்காங்களா?"

"நான்தான் டீச்சர்" என்றாள் மூத்த மருமகள்.

டீச்சர் கையை நீட்டினார். அவள் தன் கையைக் கொடுத்தாள்.

"உங்களைப் பாக்கணும்னுதான் வந்தேன். எங்களுக்காக ஒருத்தங்க உக்காந்து உண்மையை எழுதறாங்கன்னு நெனச்சேன். எங்களுக்குக் கேக்கும்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பீங்களா?"

பதிலுக்காக டீச்சர் நிற்கவில்லை. கோலை விரித்துக்கொண்டு எழுந்தார்.

"சாயம் விடற போர்வையை நான் வாங்குவேன் சார். தெரிஞ்சு வாங்கி, தனியாத் துவைச்சுப்பேன். என் தங்கச்சியைத் தெரியாம வாங்க வெச்சீங்களே, அதுதான் தப்பு. எனக்குச் சொன்னதை எல்லாருக்கும் சொல்லுங்க. சொல்லிட்டுக் கூப்பிடுங்க. விடுதி ஆர்டரைப் பத்தி அப்புறம் பேசலாம்."

---

வண்டி தெரு முனையைத் திரும்பும் வரை மூத்தவன் பொறுத்தான்.

"குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டியே. உனக்கு இங்க என்ன குறை வெச்சோம்? சொல்லு, என்ன குறை? ஊர்ல இருக்கிறவங்கல்லாம் நம்ம வீட்டுச் சண்டையை உக்காந்து கேட்டுச் சிரிச்சிருக்காங்க."

"உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன்" என்றாள் அவள்.

"எதை?"

"சாயம் விடும்னு."

அவன் தம்பி பக்கம் திரும்பினான். "எல்லாத்தையும் தூக்குடா. அழகான போர்வை, அழகான திரைச்சீலைன்னு போடு, போதும்." சின்னவனோ அண்ணி முகத்தையே பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். "பத்து நாளா ராப்பகலா உக்காந்தேன் அண்ணி" என்று மட்டும் சொன்னான். அதுதான் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

மாமியார் அவ்வளவு நேரமும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சத்தம் போடப் போகிறார் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவர் போடவில்லை.

"கடவுச்சொல்லை அவகிட்ட குடு" என்றார் சின்னவனிடம். "எழுதின கையே அழிக்கட்டும். பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணு மிச்சம் இருக்கக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் மேல போங்க."

பிள்ளைகள் இரண்டு பேரும் படியேறினார்கள். மருமகள் கணினி முன்னால் உட்கார்ந்தாள். மாமியார் எதிரே மேஜையில் வெள்ளைத் துண்டுக் கட்டைப் பிரித்து மடிக்க ஆரம்பித்தார்.

ஒவ்வொன்றாக அழித்தாள். அத்தையின் ரசனையைக் கேலி செய்தது, கொழுந்தனின் சோம்பலைச் சொன்னது, மாடியில் நடந்த வாக்குவாதம், எல்லாம் போனது. திரும்பப் படித்தபோது அவளுக்கே கூசியது. இதில் பாதி உண்மை இல்லை, வெறும் எரிச்சல். டீச்சர் கேட்டுச் சிரித்தார் என்பதற்காக அது நியாயமாகிவிடுமா?

நீலப் போர்வை வந்தது. அவளுக்குக் கை ஓடவில்லை. 'அவரிடம் சொன்னேன்' என்பதிலிருந்து மிச்சத்தை அழித்தாள். சாயம் விடும், வெள்ளையோடு போடக் கூடாது என்ற இரண்டையும் எடுத்து, எல்லாரும் படிக்கிற இடத்தில் வைத்தாள். மங்காத நிறம் என்பதை நீக்கினாள். சேமித்தாள். பக்கத்தைத் திறந்து பார்த்தாள். இந்தத் தடவை எழுதினது தெரிந்தது.

"அத்தை, சாயம் விடும்னு எல்லாருக்கும் தெரியற இடத்துல போட்டுட்டேன்" என்றாள். "அதை மட்டும் என்னால அழிக்க முடியாது. அவர் திட்டினா திட்டட்டும்."

மாமியாரின் கை துண்டை நீவி, மடித்து, நீவி, அடுக்கிக்கொண்டே இருந்தது.

கடைசியாக அந்த வெள்ளைத் துண்டு. எழுத்துகள் திரையில் வந்து நின்றன. ஒரே தட்டு, போய்விடும். விரலைக் கொண்டுபோனாள்.

"துண்டு வந்துடுச்சா?" என்றார் மாமியார்.

"வந்துடுச்சு அத்தை. அழிச்சுடறேன்."

"இரு. எல்லாரையும் பத்தி எழுதியிருக்கே. நான் மடிக்கிறதைப் பத்தி எழுதாம இருந்திருக்க மாட்டே. வாசி."

"வேண்டாம் அத்தை. ஏதோ கோபத்துல எழுதினது."

"போன் வாசிச்சிருந்தா கேட்டிருப்பேன்ல? நீயே வாசி. நான் அங்க வந்து படிக்கிற மாதிரி இல்ல."

அவள் வாசித்தாள். கறையை உள்ளே வைத்து மடிக்கிறார் என்பதை வாசித்தாள். வாயில் நியாயம், கையில் அநியாயம் என்பதையும் விடாமல் வாசித்தாள். வாசித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பத் தைரியம் இல்லை.

"என்னைத் திருடின்னு எழுதியிருக்கே" என்றார் மாமியார். அவர் குரலில் கோபம் இல்லை, ஏதோ ஒரு திகைப்புத்தான் இருந்தது. "நாலு பேர் காதுல விழற மாதிரி எழுதியிருக்கே."

"தப்புதான் அத்தை. அப்படி எழுதினது தப்பு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்து இருந்துதான் இவ்வளவும் ஆயிற்று என்று தோன்றியது. திரும்பி நேராகப் பார்த்துச் சொன்னாள். "ஆனா நான் கண்ணால பாத்தேன் அத்தை. இதோ, இப்பகூட உங்க கையில இருக்கிற துண்டுல கறை இருக்கு. அதைத்தான் மடிச்சு அடுக்கப் போறீங்க."

மாமியார் துண்டைப் பார்த்தார். விரித்தார். வெளிச்சம் வருகிற ஜன்னல் பக்கம் திருப்பினார். முகத்துக்கு அருகே கொண்டுபோனார், மறுபடி தள்ளிப் பிடித்தார். உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாகத் தடவினார். மாடிப்படியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், பிள்ளைகள் இறங்கி வருகிறார்களா என்று.

பிறகு மருமகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெல்லிய குரலில் கேட்டார்.

"எங்க இருக்கு?"

கறை அவருடைய கட்டை விரலுக்குக் கீழேயே இருந்தது.